கெயின் திருகு: அது ஒலியளவைக் கூட்டுவதற்கானது அன்று

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது காரின் டிக்கியில் பொருத்தப்பட்ட ஒரு மோனோ ஆம்பிளிஃபயர். ஸ்க்ரூடிரைவரின் முனை மட்டுமே நுழையும் இந்தச் சிறிய குழிக்குள் இருப்பதுதான் கெயின் திருகு. ஒலியளவைக் கூட்டும் திருகு என்றே பலர் இதை நினைக்கிறார்கள். உண்மையில், ஹெட் யூனிட், அதாவது டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ, அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பிளிஃபயரைப் பொருத்துவதற்கே இது இருக்கிறது. இதன் இடக்கோடியில் 6 வோல்ட் என்றும் வலக்கோடியில் 0.2 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். வலப்புறம் திருப்பத் திருப்ப எண் ஏன் குறைகிறது என்று பலர் குழம்புவதுண்டு. ஆம்பிளிஃபயர் தன் முழுத் திறனை எட்டுவதற்கு ஹெட் யூனிட்டிலிருந்து எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதையே அந்த எண்கள் குறிக்கின்றன. 4 வோல்ட் தரக்கூடிய ஹெட் யூனிட்டை இணைத்துவிட்டுத் திருகை 0.2இல் நிறுத்தினால், சிக்னலில் இருபதில் ஒரு பங்கு வந்ததுமே ஆம்பிளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

(திரையில்: வளைவான சைன் அலையின் உச்சிகள் மெல்லத் தட்டையாகின்றன)

எல்லையைக் கடந்தபின் அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்ச வோல்ட் கொண்ட சைன் அலையைப்போல் இரு மடங்கு திறனைச் சுமக்கிறது. அந்தக் கூடுதல் திறனின் பெரும்பகுதி ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாகிறது. காயில் கருகிய ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் ஆம்பிளிஃபயரின் வாட் அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அளவுக்கு மீறித் திருப்பிய கெயினே காரணமாக இருந்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். வாட்டை ஓம் அளவால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டிய வோல்ட் கிடைக்கும். நம்மிடம் இருப்பது 4 ஓம், 300 வாட் ஆர்எம்எஸ் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர். ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து கையாளக்கூடிய வாட் அளவு. ஆம்பிளிஃபயரும் 4 ஓமில் 300 வாட் ஆர்எம்எஸ் தருவது. இரண்டும் வேறுபட்டிருந்தால் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மேக்ஸ் வாட்டை மறந்துவிடலாம். 300ஐ 4ஆல் பெருக்கினால் 1200. அதன் வர்க்கமூலம் 34.6 வோல்ட்.

சப்வூஃபர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஈக்வலைசரைச் சமநிலையில் வைத்து, ஒலியின் சில பகுதிகளை மட்டும் கூட்டிக் காட்டும் லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்து, கெயினை இடக்கோடிக்குத் திருப்புங்கள். காரைத் திறந்தவெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். அப்போதுதான் பேட்டரியின் 12.6 வோல்ட்டுக்குப் பதிலாக, ஓட்டும்போது கிடைக்கும் ஏறத்தாழ 14 வோல்ட் ஆம்பிளிஃபயருக்குச் செல்லும். 0 டெசிபெல் அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை யுஎஸ்பியிலிருந்து ஓடவிட்டு, ஹெட் யூனிட்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு, அதாவது 40இல் 30க்குக் கொண்டுவாருங்கள்.

(திரையில்: மல்டிமீட்டர், ஏசி வோல்ட் நிலையில்)

மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை ஆம்பிளிஃபயரின் ஸ்பீக்கர் டெர்மினல்களில் வையுங்கள். அவை ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. இப்போது திருகை மயிரிழை அளவில் நகர்த்துங்கள். 12, 19, 27 என்று ஏறுகிறது. கடைசிச் சில வோல்ட்டுகள் சட்டென்று தாவிவிடும் என்பதால் அங்கே பொறுமை வேண்டும். 34.6 வந்ததும் நிறுத்திவிடலாம். ஒலியை நிறுத்தி, அனைத்தையும் அணைத்தபின் சப்வூஃபரை மீண்டும் இணையுங்கள். இனி 30தான் உங்கள் ஒலியளவின் மேல்வரம்பு.

ஸ்பீக்கரை இணைத்தபின் ஆம்பிளிஃபயரின் வோல்ட் சற்று இறங்கக்கூடும் என்பதால், கிளிப்பிங்கை நேரில் காண, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பே சிறந்த கருவி. வீட்டில் அது இருப்பவர்கள் குறைவு என்பதாலேயே மல்டிமீட்டர் வழியைக் காட்டினேன்.

அணைத்துவைத்த பேஸ் பூஸ்ட்டைப் பிறகு 6 டெசிபெல் கூட்டினால், அந்த அலைவரிசையில் ஆம்பிளிஃபயரிடம் இரு மடங்கு வோல்ட்டையும் நான்கு மடங்கு வாட்டையும் கேட்கிறீர்கள். 300 வாட் ஆம்பிளிஃபயரால் 1200 வாட் தர முடியாது. பூஸ்ட் வேண்டியவர்கள் அதை முதலில் வைத்துக்கொண்டு, அதன்பின் மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.