இடுப்பு வலிக்குப் போனால் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை]

ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட கூடைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். பக்கத்திலேயே சென்னைத் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரிடமும் கேளுங்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் பலர் பதில் சொல்வார்கள். அந்த வலியோடு டாக்டரிடம் போனால், "தூக்கம் எப்படி? மனசுல ஏதாவது பாரம் இருக்கா?" என்கிறார். வெளியே வந்ததும் புலம்பல்: "இடுப்பு வலிக்குதுன்னு போனா, பைத்தியமான்ற மாதிரி கேக்குறாரு."

டாக்டர் வலியைச் சந்தேகிக்கவில்லை. வலி நிஜம்தான்.

[காட்சி: முதுகுத்தண்டும் மூளையும், வரைபடம்]

முதுகிலிருந்து மூளைக்குச் செய்தி ஏறுகிறது. மூளையிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு நரம்புப் பாதையும் உண்டு. வருகிற வலியைத் தண்டுவடத்திலேயே குழாயைத் திருகுவது போல அது குறைக்கும். அதில் வேலை செய்பவை செரோட்டோனின், நார்அட்ரினலின். மனநிலையோடும் தொடர்புள்ள ரசாயனங்கள் இவை. அதனால்தான் இவற்றின் வழியாக வேலை செய்யும் டுலாக்சிட்டின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2004ல் மனச்சோர்வுக்கும், 2010ல் நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது. உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், போனில் தேடிப் பார்த்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல் வரலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வலித்தால் வேலைக்குப் போக முடியாது, நாள் கூலி போச்சு, வட்டிக்காரர் வாசலில் நிற்பார், தூக்கம் வராது. தூங்காத உடம்புக்கு மறுநாள் வலி கூடுதலாகவே தெரியும்.

இதில் பயம் செய்கிற கெடுதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்கேனில் 'டிஸ்க் பிதுக்கம்' (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கியிருப்பது) என்று எழுதியிருந்தால் போதும், ஆள் படுத்துவிடுகிறார். 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் பிதுக்கம் தெரிகிறது! குனிந்தால் ஏதோ ஆகிவிடும் என்று அசையாமல் கிடந்தால் தசை தளரும், வலி நீடிக்கும். முடிந்தவரை நடமாடுவதே நல்லது.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலவீனமாவது: இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

[காட்சி: ஓ.பி. வரிசை]

மற்றபடி, மூன்று மாதம் தாண்டிய வலி என்றால் இயன்முறை சிகிச்சையோடு மனநலப் பிரிவையும் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் மனசு ரொம்ப அலைந்தால் 14416, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.