முதல் ஏழு நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காலில் முள் குத்துகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. சூழல் வாய்த்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். தடுக்க ஆளில்லை என்றால் ஒன்று பத்து மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்த எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, நம் உடல் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? முதல் முறை என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். பத்து மணி நேரம் எங்கே, ஒரு வாரம் எங்கே! நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கால இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தோல், சளிப்படலம், இரைப்பை அமிலம், கண்ணீரில் இருக்கும் லைசோசைம் என்ற நொதி எல்லாம் கிருமியை வாசலிலேயே நிறுத்துபவை. இவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் நடப்பதைப் பார்ப்போம்.

முள் குத்திய இடத்தில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. வந்திருப்பது எந்தக் கிருமி என்று அவற்றுக்குத் தெரியாது. ஆனால் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் சில மூலக்கூறுகள் மனித உடலில் கிடையாது. அவை தட்டுப்பட்டதுமே மேக்ரோஃபேஜ்கள் வேதிச் செய்திகளை வெளியிடும். பக்கத்து ரத்தக் குழாய்கள் விரியும், அவற்றின் சுவர் கசியும். அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது இதனால்தான். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி உருண்டு, வேகம் குறைந்து நின்று, செல்களுக்கு இடையே நுழைந்து வெளியே வரும். சில மணி நேரத்தில் அங்கே கூட்டம் கூடிவிடும். கிருமியை விழுங்கிக் கொன்றுவிட்டுத் தாங்களும் மடிந்துபோகும். சீழ் என்று நாம் துடைத்தெறிவதில் பெரும்பகுதி இறந்த நியூட்ரோஃபில்கள்தான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது என்றால் செலவு எவ்வளவு என்று பாருங்கள்.

வைரஸ் வந்தால் ஏற்பாடு வேறு. அது செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தொற்றிய செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளிவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். அவை புரத உற்பத்தியைக் குறைத்து, வைரஸ் பெருக இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும். ஃப்ளூவில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருப்பதற்கு வைரஸைவிட இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிகளும்தான் பெரிய காரணம்.

இதெல்லாம் நேரம் சம்பாதிக்கும் வேலை. அந்த நேரத்தில் டென்ட்ரிடிக் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. குறிப்பிட்ட ஒரு துண்டை அடையாளம் காணும் டி செல் (இதுவும் ஒரு வகை வெள்ளணு), லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அந்த ஒன்று சரியான துண்டைச் சந்திக்க வேண்டும், பிறகு பிரிந்து பிரிந்து பல்லாயிரமாகப் பெருக வேண்டும். தாமதம் இங்கேதான். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கம் நடக்கும் இடம்.

டி செல்களின் உதவியோடு பி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதலில் வருவது ஐஜிஎம் வகை, அடுத்து ஐஜிஜி. காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, 'இல்லை' என்று முடிவு வந்ததும் நிம்மதி அடைபவர்கள் உண்டு. எதிர்ப்பொருளே இன்னும் உருவாகாத நேரத்தில் அந்த முடிவுக்கு அர்த்தம் கிடையாது. அதனால்தான் டெங்குவில் முதல் சில நாட்களில் வைரஸின் சொந்தப் புரதமான என்எஸ்1-ஐத் தேடுகிறார்கள், ஐஜிஎம்மைப் பிறகு பார்க்கிறார்கள்.

கிருமி ஒழிந்தபின் பெருகிய செல்களில் பெரும்பாலானவை அழிந்துபோகும். மிஞ்சுபவை, அதே கிருமி மறுபடி வந்தால் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் நினைவுச் செல்கள். எத்தனை காலம் நிற்கும்? 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கு சென்ற டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781இல் அங்கே ஏற்பட்ட தட்டம்மையில் சிக்கி மீண்டிருந்த முதியவர்களை நோய் மறுபடி தொடவில்லை. இடையில் 65 ஆண்டுகள்! அதே தட்டம்மை நினைவுச் செல்களையே தாக்கவும் செய்யும். தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் வந்து போனபின் மற்ற கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே இருந்த எதிர்ப்பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. 'அம்மைதானே, வந்து போகட்டும்' என்று விடுவது இதனால்தான் ஆபத்து.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கூட்டுவது எப்போதும் நல்லதில்லை. முள் குத்திய இடத்தில் ரத்தக் குழாய் விரிந்து கசிந்தால் குணம். அதே விரிவும் கசிவும் உடல் முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். செப்சிஸ் என்பது இதுதான். உயிருக்கே உலை வைக்கும்.

தடுப்பூசி அந்த ஒரு வாரத் தாமதத்தை நோய் வருவதற்கு முன்பே கழித்துவிடுகிறது. பல தடுப்பூசிகளில் முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் நான்கு வாரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருளின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, நன்றாகப் பொருந்துபவை மட்டும் தேர்வாக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு முன்கூட்டியே போட்டால் அந்தத் தேர்வு முடிந்திருக்காது.

கடித்த பிறகு ஊசி போட்டும் உயிரைக் காப்பாற்ற முடிகிற நோய் வெறிநாய்க்கடி. வைரஸ் நரம்பு வழியாக மூளையை அடையப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள்கூட ஆகும் என்பதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவக் கழுவ, நரம்புக்குள் நுழையும் வைரஸின் அளவு குறையும். அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தடுப்பூசி எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்க, தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடிகளுக்கு, தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட். அளவை மீறினால் உடல் தானாகச் செய்யும் உற்பத்தி மந்தப்படும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் இம்யூனோகுளோபுலினைக் கொடுப்பதே இல்லை, சொந்த எதிர்ப்பொருள் வரத் தொடங்கியிருக்கும்.

ஏற்கெனவே முழுத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரை மீண்டும் நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. கடித்த அன்றும் மூன்று நாள் கழித்தும் இரண்டே ஊசி, நினைவுச் செல்கள் உடனே வேலையில் இறங்கிவிடும். காயத்தைக் கழுவுவது மட்டும் அவருக்கும் அதே 15 நிமிடம்தான்.