கோமாரி ஊசி ஏன் திரும்பத் திரும்ப? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "ஐயா, குழந்தைக்குத் தட்டம்மை ஊசி ரெண்டு தடவையோடு முடிந்துவிடுகிறது. மாட்டுக்குக் கோமாரி ஊசி மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்களே, கிருமி மாறிக்கொண்டே இருப்பதாலா? அப்படியென்றால் போட்டு என்ன பிரயோசனம்?"

தம்பி, ரெண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். ஆறு மாதக் கணக்குக்கும் கிருமி மாறுவதற்கும் சம்பந்தமில்லை. கோமாரி ஊசியில் இருப்பது செத்த கிருமி, அது தரும் எதிர்ப்புச் சக்தி சில மாதத்தில் இறங்கிவிடும். தட்டம்மை ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி, அதனால் பல வருடம் நிற்கிறது.

மாறுகிற கதை தனி. கோமாரி வைரஸ் ஆர்.என்.ஏ. வகை, அதாவது அதன் மரபுக் குறிப்பு ஆர்.என்.ஏ. என்ற பொருளில் இருக்கிறது (மாட்டுக்கு வரும் தோல் கழலை நோயின் கிருமி டி.என்.ஏ. வகை, அது மெதுவாகத்தான் மாறும்). 8,000 எழுத்துக்கு மேல் உள்ள தன் மரபுக் குறிப்பை நகல் எடுக்கும்போது பிழை விடும், திருத்தத் தெரியாது. சரி, தட்டம்மையும் ஆர்.என்.ஏ.தானே, அதுவும் பிழை விடும்தானே? விடும். ஆனாலும் 1954-ல் ஒரு பையனிடம் எடுத்த கிருமியின் வழிவந்த ஊசி இன்றைக்கும் கேட்கிறது. நான் சொல்லிச் சொல்லி உங்களுக்குச் சலித்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: எங்கே மாற முடிகிறது என்று பாருங்கள். கடன் வாங்கியவன் சட்டையை மாற்றிக்கொண்டு போச்சம்பள்ளி சந்தையில் நம் எதிரிலேயே போகலாம், முகத்தை மாற்ற முடியுமா? கோமாரிக்கு அடையாளம் சட்டையில், தட்டம்மைக்கு முகத்தில். தட்டம்மையில் நம் உடம்பு அடையாளம் பிடிக்கிற இடமும் அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அங்கே மாறினால் அதற்கே பிழைப்பு போய்விடும். வெக்கை நோயும் தட்டம்மைக்குப் பங்காளிதான். அது நம் பெரியவர்கள் காலத்தில் பட்டி பட்டியாக மாட்டை வாரிக்கொண்டு போனது. ஊசி போட்டே ஒழித்து, 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

கோமாரியில் 7 வகை. நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா 1 என்று மூன்றையும் சேர்த்துப் போடுவது, ஒன்றுக்கான ஊசி மற்றதைத் தடுக்காது என்பதால்தான். ஒரே வகைக்குள்ளும் நகரும்: ஏ வகைக்கு 1977-ல் எடுத்த கிருமி பின்னால் வந்தவற்றுக்குச் சரிப்படவில்லை, 2000-ல் எடுத்ததை வைத்து மாற்றினார்கள். ஓ வகையில் 1975-ல் எடுத்ததே வெகுகாலம் ஓடியது. இப்படியே நகர்கிற மனிதர்களின் ஃப்ளூவுக்கான ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு ரெண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், உட்கார்ந்து எந்தக் கிருமியைச் சேர்ப்பது என்று முடிவு சொல்கிறது.

எதை மாற்றுவது என்று எப்படித் தெரிகிறது? அதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள், எனக்குப் பிடித்த கேள்வியே அதுதான். நோய் கண்ட மாட்டின் நாக்குக் கொப்புளத் தோலிலிருந்துதான். அதில் உள்ள கிருமியைப் பழைய ஊசி பிடிக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? மாடு எச்சில் ஒழுக நின்றால் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தடவிவிட்டு, வெளியே தெரிந்தால் பால் எடுக்க மாட்டார்கள் என்று மூச்சு விடுவதில்லை. சிலர் எருது விடும் விழாவுக்கே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், இது அநியாயம்! கொப்புளம் உடைந்து ஆறிப்போவதற்குள் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புண் ஆறிய பிறகு கூப்பிட்டால் அவர் எடுப்பதற்கு அங்கே தோல் இருக்காது.