பதினொரு நிமிட உழைப்பும் ஒரு வருட உழைப்பும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ விசுவாசம் ஒரு மனிதருக்கு எதை விலையுள்ளதாகக் காட்டுகிறது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பல வருடங்கள் ஆலயத்தில் காணிக்கை எண்ணியவன். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் காசிலிருந்துதான் தொடங்கும். இரண்டே இரண்டு காசு.

மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் அந்தக் காசுகள் வருகின்றன. எருசலேம் தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். அங்கே எக்காள வடிவில் 13 பெட்டிகள் இருந்ததாக மிஷ்னா என்ற யூத நூல் சொல்கிறது. பணக்காரர்கள் நிறையப் போடுகிறார்கள். அப்புறம் ஓர் ஏழை விதவை வந்து இரண்டு காசு போடுகிறார். எல்லாரையும்விட இவர்தான் அதிகம் போட்டார் என்று இயேசு சீஷர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

அந்தக் காசுக்கு லெப்டன் என்று பெயர். ஒரு தெனாரியத்துக்கு 128 லெப்டன். தெனாரியம் என்பது ரோமர்களின் வெள்ளிக்காசு, கூலியாளின் ஒரு நாள் சம்பளம். காதால் கணக்கு கேட்பது சிரமம், மெதுவாகவே சொல்கிறேன். இரண்டு லெப்டன் என்றால் ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்கு. பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், சுமார் பதினொரு நிமிட வேலைக்கான கூலி. அவரிடம் இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து எண்ணுவோம். நோட்டுகளை வகை வகையாகப் பிரித்து, அடுக்கி, இரண்டு தடவை சரிபார்ப்போம். சில்லறையை மேசையில் மொத்தமாகக் கொட்டி, கடைசியில், அவசரமாக எண்ணுவோம். கனமான உறை ஒன்று வந்தால் நான் உடனே "இது யாருடையது?" என்று கேட்பேன். அப்படியொரு பழக்கம். எங்களோடு எண்ணுகிற பெரியவர் ஒருவர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் அந்தக் குவியலிலிருந்து மிகச் சின்ன காசு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "தம்பி, இது யாருடையது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். நான் கேட்டதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அன்று மீதியை எண்ணி முடிப்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கவனித்தது அதைத்தான். காசு யாருடையது, கொடுத்த பிறகு கையில் என்ன மிச்சம்?

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சம்பவத்தைக் காட்டி ஏழைகளிடம் 'இன்னும் கொடுங்கள்' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அந்த விதவை வருவதற்கு இரண்டு வசனம் முன்னால், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். அதைப் படிக்காமல் இரண்டு காசை மட்டும் படித்தால், அந்த விதவையிடமிருந்து இன்னொரு முறை பிடுங்குகிறோம்.

சரி, அப்படியானால் விசுவாசம் சிறியதை மட்டும்தான் மதிக்கிறதா? இல்லை. அடுத்த அதிகாரத்துக்கும் அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற நளததைலம் என்ற வாசனைத் தைலத்தைக் கொண்டுவந்து, அது இருந்த பரணியை, அதாவது ஜாடியை, உடைத்து, இயேசுவின் தலையில் ஊற்றுகிறார். இது வீண்செலவு, 300 தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுக்கிறார்கள். 300 தெனாரியம் கிட்டத்தட்ட ஒரு வருடக் கூலி. ஒருவர் கொடுத்தது பதினொரு நிமிடம், மற்றவர் கொடுத்தது ஒரு வருடம். இரண்டு பேரையும் இயேசு மெச்சுகிறார். இந்தப் பெண்ணைப் பற்றி, தன்னால் இயன்றதைச் செய்தாள் என்கிறார். விதவைக்கும் அது அப்படியே பொருந்தும்.

நான் திரும்பத் திரும்ப வியக்கும் இடம் இதுதான். மாற்கு இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே, 13ஆம் அதிகாரத்தில், எதை வைக்கிறார்? தேவாலயத்துக் கற்களை. "எப்படிப்பட்ட கல்லு!" என்று ஒரு சீஷன் மலைத்துப்போய்க் காட்டுகிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று இயேசு சொல்கிறார். கி.பி. 70இல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடித்தது. எல்லார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிந்தது நடுவில் நிற்கிறது. அதற்கு இரு பக்கமும் பெயர்கூடச் சொல்லப்படாத இரண்டு பெண்கள்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். முத்து வியாபாரி உவமையைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். லாரன்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 258இல் ரோமில் கொல்லப்பட்ட டீக்கன், அதாவது சபையின் உதவி ஊழியர். சபையின் பொக்கிஷத்தைக் கொண்டுவா என்று உத்தரவு வந்தபோது, அவர் ஏழைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, இவர்கள்தான் பொக்கிஷம் என்றாராம். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து மிலான் நகரத்துப் பேராயர் அம்புரோஸ் இதை எழுதினார். அதற்கும் காரணம் உண்டு. அவர் ஆலயப் பாத்திரங்களை உடைத்து உருக்கி, சிறைப்பட்டவர்களை மீட்டிருந்தார். அதற்காக அவரைக் குறை சொன்னார்கள். பொன் பாத்திரங்களைவிட உயிருள்ள பாத்திரங்களை, அதாவது மனிதர்களை, காப்பதுதான் மேல் என்று அவர் பதில் எழுதினார்.

இன்றைக்கு முடிந்தால் மாற்கு 12, 13, 14 மூன்றையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. கேட்டதற்கு நன்றி. வணக்கம்.