மெதுவாகத் திரும்பும் கழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

முதுகு பிடித்துக்கொண்டால்தான் நமக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்கு வேலை செய்கிறது, நாமும் கண்டுகொள்வதில்லை. விட்டுப்போன அந்த உறவைப் புதுப்பிக்க வழி சொன்னவர்களில் ஒருவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ்.

1904இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். பாரிசில் இயற்பியல் ஆய்வு செய்தவர், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர். கால்பந்து ஆடிக் கெட்டுப்போன முட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் வேலை பார்த்தபோது மறுபடி மோசமானது. அறுவை சிகிச்சை பலிக்கும் என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டு, தன் நடையைத் தானே கவனிக்க ஆரம்பித்தார். எடை எந்தக் காலில் விழுகிறது, இடுப்பு எப்போது அசைகிறது, மூச்சு எங்கே நிற்கிறது? இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததுதான் இன்று அவர் பெயரால் வழங்கும் பயிற்சி. அவரிடம் கற்ற இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் 70 வயதில் கடற்கரையில் தலைகீழாக நின்றார்.

இந்த வகுப்பில் ஆசிரியர் எதையும் செய்து காட்டுவதில்லை, வாயால்தான் சொல்வார். செய்து காட்டினால் நம் கண் அவர்மேல் போய்விடும், நம் உடம்பை மறந்துவிடுவோம். அதனால்தான் வானொலியில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொன்று, எல்லாமே மெதுவாக, சின்னதாகச் செய்ய வேண்டும். தலையில் 25 கிலோ அரிசி மூட்டையைச் சுமப்பவருக்கு அதில் ஒரு பிடி அரிசி கூடினாலும் தெரியாது. வெறுங்கையில் அதே ஒரு பிடியை வைத்தால் உடனே தெரியும். வேபர் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை அளந்து சொன்னார். முக்கிக்கொண்டு செய்தால்தான் பலன் என்று நாம் நினைக்கிறோமே, அந்த முக்கலே உணர்வை மூடிவிடுகிறது.

இப்போது செய்து பார்ப்போம். வண்டி ஓட்டுபவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். கழுத்தில் நோய் இருப்பவர்கள், தலைசுற்றல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாற்காலியின் முன்பக்கமாக உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். இழுக்கிறது என்று தோன்றும் முன்பே நிறுத்தி, எதிரே தெரியும் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பி, காலண்டர், எதுவானாலும் சரி. திரும்பி வாருங்கள்.

அப்புறம் தலை வலப்பக்கம் போகும்போது கண்கள் மட்டும் இடப்பக்கம் போகட்டும். கொஞ்சம் குழப்பமாக இருக்கும், பரவாயில்லை. நாலைந்து முறை செய்யுங்கள். பல்லைக் கடிக்கிறீர்களா, மூச்சைப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். தளர்த்துங்கள். சற்று ஓய்வு.

இப்போது கண்ணும் தலையும் சேர்ந்தே வலப்பக்கம் போகட்டும். பலருக்கு அந்த அடையாளத்தைத் தாண்டிப் பார்வை போகும். உங்களுக்குப் போகாவிட்டாலும், திரும்பும்போது விலா எலும்புகளும் கூடவே அசைகின்றனவா என்று கவனியுங்கள். கழுத்து தனியாகத் திரும்புவதில்லை என்பது அங்கேதான் பிடிபடும்.

இடப்பக்கத்துக்கு உடம்பை அசைக்க வேண்டாம். கண்ணை மூடி, இதே வரிசையை மனதுக்குள் மட்டும் செய்யுங்கள். ஃபெல்டன்கிரைஸ் இப்படிச் செய்யச் சொல்வது வழக்கம். முடித்ததும் கண்ணைத் திறந்து, நிஜமாகவே ஒரு முறை இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள்.

வணக்கம்.