பட்டாசுச் சத்தம் வயிற்றுக்கு எட்டாது
(மூணாறில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, என்னை அழைத்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே, தொழிற்சங்கப் பெரியவர்களே, பஞ்சாயத்து மெம்பர் அவர்களே, போடியிலிருந்து மலையேறி வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு லயத்துக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். மெம்பர் தமக்குப் போட்ட பொன்னாடையை முன்வரிசையில் இருக்கும் மூத்த அக்காவுக்குப் போர்த்திவிட்டார். அதற்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள்.

ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் யார், எலியிடம் அவர் கண்டது என்ன, அது ஆஸ்பத்திரி வரை போன கதை என்ன என்று மூன்று செய்திகள் சொல்லி, அதை வைத்து நம் ஊருக்குள் வரும் யானையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கார்சியா 1917-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து பிழைக்கப் போனவர்கள். தோட்டக் கூலிக் குடும்பம். மெக்கானிக் வேலை பார்த்து, பிறகு படித்து, முனைவர் பட்டம் வாங்கும்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. பின்னால் நிற்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. கூண்டில் எலிக்குக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர். கதிர்வீச்சு அறையில் பிளாஸ்டிக் பாட்டில். அந்த அறைக்குள் போனால் எலிகள் வரவரக் குடிப்பதைக் குறைத்தன. பிளாஸ்டிக் வாடை கலந்த தண்ணீரையும் கதிர்வீச்சால் வந்த வயிற்றுக் குமட்டலையும் அவை முடிச்சுப் போட்டுவிட்டன என்று கார்சியா பிடித்துக்கொண்டார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரை வைத்துச் சோதித்து 1955-ல் வெளியிட்டார்.

எங்கள் சித்தப்பா கதையைச் சொன்னால் இது உங்களுக்கு உடனே புரியும். சூரியநெல்லியில் ஒரு கல்யாண வீட்டில் பலாப்பழம் வைத்தார்கள். நல்ல தேன்வரிக்கை. சித்தப்பா சுளை சுளையாக உள்ளே தள்ளினார். சித்தி கண்ணைக் காட்டினார், கேட்கவில்லை. அப்புறம் பஸ் ஏறினார்கள். போடிமெட்டிலிருந்து கீழே பதினேழு கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டுவதற்குள் சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவர்தான், முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் உள்ளே எடுக்கவில்லை. பின் சீட்டுக்காரர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! சரி, குமட்ட வைத்தது எது? பஸ்ஸும் வளைவும். அதே பஸ்ஸில் சித்தப்பா இன்றைக்கும் சந்தைக்குப் போய் வருகிறார். ஆனால் பலாப்பழம் மட்டும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. "காரணம் பஸ்தான், தெரியும்ப்பா. ஆனா வாடை பட்டாலே வயித்தைப் புரட்டுது" என்பார்.

1966-ல் கார்சியா காட்டியது இதைத்தான். எலி நக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும், சத்தம் கேட்கும், தண்ணீரும் இனிக்கும். உடம்புக்கு முடியாமல் போன எலி இனிப்பைத்தான் ஒதுக்கியது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் அது பொருட்படுத்தவில்லை. காலில் கரண்ட் வாங்கிய எலிக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போயின, இனிப்பை அது விடவில்லை. தின்று பல மணி நேரம் கழித்துக் குமட்டினாலும் பழி தின்ற பொருள் மேல்தான். தண்டனை உடனுக்குடன் விழுந்தால்தான் பிராணி கற்கும் என்று பாடம் நடந்த காலம் அது. பெரிய பத்திரிகைகள் அவர் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. 1983-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. புற்றுநோய் மருந்து ஏறும் குழந்தைகள், அதற்குச் சற்று முன் தின்ற ஐஸ்கிரீமை வெறுப்பதை ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1978-ல் காட்டியது இந்த வழியில் வந்ததுதான்.

கார்சியாவும் கூட்டாளிகளும் 1974-ல், ஆடு பிடிக்கும் கயோட்டி என்ற ஓநாய் போன்ற பிராணிகளுக்குக் குமட்டும் மருந்து கலந்த ஆட்டுக்கறி வைத்தார்கள். தின்றவை ஆட்டைத் தொடத் தயங்கின. நம் யானைக்கும் அப்படி வைக்கலாமா என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. நான் கேட்பது வேறு.

எந்த மேடை ஏறினாலும் நான் சொல்வது, ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். அரிக்கொம்பன் யானைக்கு ருசி காட்டியது யார்? பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடை அரிசி. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே கடைசியில் கம்பம் டவுனுக்குள் நின்றான். ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். படையப்பா யானை கல்லாறு குப்பைக் கிடங்குக்கு வருவதும் காய்கறிக் கழிவின் ருசிக்காகத்தான். பட்டாசு போடுகிறோம், டார்ச் அடிக்கிறோம். சத்தமும் வெளிச்சமும் காதையும் கண்ணையும் மிரட்டும், வயிற்றுக்கு எட்டாது. அரிசி கெட்டது என்று எந்த யானையும் அதனால் கற்கப்போவதில்லை. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்றால் உறியைத்தான் அவிழ்க்க வேண்டும்.

கிடங்கைச் சுற்றி யானை நுழைய முடியாத வேலி, காய்கறிக் கழிவு அன்றன்றைக்கே உரக்குழிக்கு, ரேஷன் அரிசிக்கு இரும்புக் கதவு போட்ட கான்கிரீட் அறை, ரோட்டோரத் தின்பண்டக் கடைகளுக்கு மூடியுள்ள தொட்டி. இவ்வளவுதான் நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் இருக்கிறது. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். பெயரும் லயம் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மெம்பர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.