கொப்பரையின் அடியில் ஒட்டிய வண்டல்

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகே ஹோக்டோர்ஃப் என்ற ஊரில், உழுது உழுதே தேய்ந்துபோன மண்மேடு ஒன்று இருந்தது. ஏர் முனையில் அடிக்கடி கற்கள் தட்டுப்பட்டன. 1977-இல் தொல்லியல் ஆர்வலர் ஒருவர் அதைக் கவனித்துச் சொல்ல, அடுத்த இரண்டு ஆண்டுகளில் யோர்க் பீல் அங்கே அகழாய்வு நடத்தினார். உள்ளே, கி.மு. 530 வாக்கில் அடக்கம் செய்யப்பட்ட கெல்டியத் தலைவன் (கெல்டியர் பண்டைய ஐரோப்பிய மக்கள்). வயது 40 இருக்கும். உயரம் ஆறடிக்கு மேல்.

இந்த வகைப் புதைமேடுகளில் நடு அறை பெரும்பாலும் பழங்காலத்திலேயே கொள்ளை போயிருக்கும். இது தப்பியதற்குக் காரணம் கட்டுமானம். ஓக் மரத்தால் ஓர் அறை, அதைச் சுற்றி இன்னொரு அறை, இரண்டுக்கும் நடுவிலும் மேலேயும் டன் கணக்கில் கல். ஆனால் காத்த கல்லே கெடுக்கவும் செய்தது. மரம் உளுத்ததும் கூரை சரிந்து, நாலு சக்கர வண்டியும் வெண்கல மஞ்சமும் நசுங்கின. கரைசலில் கழுவி ஒட்டிவிடும் வேலையில்லை இது. சீரமைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நசுங்கினாலும் ஒரு லாபம் உண்டு. செம்பு அரிக்கும்போது கசியும் உப்பு நுண்ணுயிர்களை அண்டவிடாது. ஆகவே வெண்கலத்தோடு ஒட்டிக் கிடந்த துணி பிழைத்தது. சற்றுத் தள்ளிக் கிடந்தது மக்கி மண்ணானது. மஞ்சத்தின் மேல் வளைக்கரடி (பேட்ஜர் என்னும் சிறு விலங்கு) மயிரால் நெய்த துணி விரித்திருந்தது தெரியவந்தது அப்படித்தான். உலோகத்தைப் பளபளவென்று தேய்த்தால் இதெல்லாம் போச்சு.

இனி அந்தக் கொப்பரை. 500 லிட்டர் கொள்ளும் கிரேக்க வெண்கலப் பாத்திரம். கிரேக்கப் பாத்திரம் என்றால் உள்ளே திராட்சை மதுதான் இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அடியில் ஒட்டிய பழுப்பு வண்டலைத் தொல்தாவர ஆய்வாளர் உடெல்கார்ட் கோர்பர்-குரோனெ நுண்ணோக்கியில் பார்த்தார். கண்டது மகரந்தம். காற்றில் வந்து விழுந்ததென்றால் மரம், புல் இவற்றின் தூள்தான் மிகுந்திருக்க வேண்டும். இங்கே மிகுந்திருந்தது வண்டு, தேனீ தேடிப்போகும் பூக்களுடையது, அதுவும் பல வகை. ஆக, தேன், தேனைப் புளிக்க வைத்த தேறல். அளவு 350 முதல் 400 லிட்டர் வரை இருக்கலாம். பாத்திரம் கடல் கடந்தது, சரக்கு உள்ளூரது!

கொப்பரை விளிம்பில் மூன்று சிங்கங்கள் படுத்திருக்கின்றன. இரண்டு கிரேக்கக் கைவேலை. மூன்றாவது உள்ளூர்க் கொல்லன் வார்த்தது. நேரில் சிங்கத்தைப் பார்த்தவன் செய்தது போலத் தெரியவில்லை. வாங்கிய பொருளை உள்ளூரில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

விருந்துக்கு ஒன்பது பேர் என்று நம்பலாம்: குடிக்க ஒன்பது கொம்புகள், உண்ண ஒன்பது வெண்கலத் தட்டுகள். எட்டுக் கொம்புகள் காட்டெருதினுடையவை. அவை மக்கிவிட, பொன்பட்டைகள் மட்டும் எஞ்சின. ஒன்பதாவது இரும்பு, ஏறத்தாழ ஐந்து லிட்டர் பிடிக்கும். அது தலைவனுடையதாகவே இருக்கும்.

பொன்னைப் பற்றி ஒரு சேதி. மேட்டின் அடியிலேயே பட்டறைக் கழிவு கிடைத்தது. அதாவது தகடுகளை அங்கேயே, சாவுக்கென்றே தட்டியிருக்கிறார்கள். வாழ்ந்தபோது கையில் வைத்திருந்த வெண்கலக் குத்துவாளுக்கும் மேலே பொன்தகடு போர்த்தினார்கள். காலணிக்கும் போர்த்தினார்கள். அணிவித்தவர் அவசரத்தில் இருந்தாரோ என்னவோ, வலக்காலுக்கு உரிய தகடு இடக்காலிலும், இடக்காலுக்கு உரியது வலக்காலிலும் இருந்தன.